சகல நாட்களிலும் நம்மோடிருக்கும் கிறிஸ்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய நெருக்கடி வரும்போது பலர் நம்மோடு சேர்ந்து ஜெபிக்கிறார்கள். அது கடந்தபின், விடிந்ததும் அதே வேலை, அதே வியாதி, அதே மனஸ்தாபம் என்று நாட்கள் நீளும்போதுதான், "கிறிஸ்து உண்மையில் என்னோடு இருக்கிறாரா, என்னைத் தாங்குகிறாரா?" என்ற கேள்வி உள்ளத்தில் எழுகிறது. அந்தக் கேள்வி பல வடிவங்களில் என்னிடம் வந்திருக்கிறது. நானும் அதைக் கேட்டதுண்டு. எனக்குத் தெரிந்த பதில்களை, வேதத்தை அருகில் வைத்துக்கொண்டு, இங்கே எழுதுகிறேன்.

கிறிஸ்து என்னோடு இருக்கிறார் என்று நான் எதை வைத்து நம்புவது?

அவர் கொடுத்த வாக்கை வைத்து. உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாவிலுள்ள மலையில் தம்முடைய பதினொரு சீஷருக்குச் சொன்ன கடைசி வார்த்தை இது: "இதோ, உலகத்தின் முடிவுபரியந்தம் சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" (மத்தேயு 28:20). இதில் "சகல நாட்களிலும்" என்ற சொல்லை நிதானமாகப் படியுங்கள். "எப்போதும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், கிரேக்க மூலமும் "எல்லா நாட்களும்" என்று நாட்களைத்தான் எண்ணுகிறது. ஆராதனை நாளும் அதில் உண்டு, எதுவும் நடவாத ஒரு செவ்வாய்க்கிழமைப் பிற்பகலும் உண்டு.

இந்த வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். மூன்று வசனங்களுக்கு முன்னால் மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார்: "அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்." சந்தேகப்பட்டவர்களை மலையிலிருந்து இறக்கிவிட்டு, உறுதியானவர்களிடம் மட்டும் இயேசு இதைச் சொல்லவில்லை. உள்ளம் ஊசலாடிக்கொண்டிருந்தவர்களும் நின்ற அதே கூட்டத்துக்குத்தான் "உங்களுடனேகூட" என்றார். ஆகவே, "என் விசுவாசம் போதாது, இந்த வாக்கு எனக்கு உரியதல்ல" என்று நினைக்கிற ஒருவர் அந்த மலையில் தமக்கும் ஒரு இடம் இருந்ததைக் காணலாம்.

மத்தேயு சுவிசேஷம் தொடங்குவதும் இதே செய்தியோடுதான். முதல் அதிகாரத்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு இம்மானுவேல் என்ற பெயர் சொல்லப்படுகிறது. "தேவன் நம்மோடிருக்கிறார்" என்பது அதற்குப் பொருள். முதல் அதிகாரத்தில் பெயராக இருந்தது கடைசி அதிகாரத்தில் வாக்குறுதியாகிறது.

அவர் பரலோகத்துக்கு ஏறிப்போய்விட்டாரே. பிறகு எப்படி என்னோடு இருக்க முடியும்?

சீஷர்களும் இதே கலக்கத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு அவர், "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடேன், உங்களிடத்தில் வருவேன்" என்று சொன்னார் (யோவான் 14:18). பரிசுத்த ஆவியானவரைத் தேற்றரவாளன் என்று அழைத்து, அவர் என்றென்றைக்கும் உங்களுடனே இருப்பார் என்றும் கூறினார். தாம் போவது அவர்களுக்குப் பிரயோஜனமாயிருக்கும் என்று அவர் சொன்னது (யோவான் 16:7) முதலில் வியப்பைத் தரும். சற்று யோசித்தால் புரியும்: சரீரத்தில் இருந்தபோது அவர் கப்பர்நகூமில் இருக்கும் வேளையில் எருசலேமில் இல்லை. ஆவியானவர் மூலமாக இப்போது அவர் விசுவாசிக்கும் ஒவ்வொருவருக்குள்ளும் வாசம்பண்ணுகிறார். நம்மோடு இருப்பது கிறிஸ்துவின் நினைவோ அவருடைய போதனையின் தாக்கமோ மட்டும் என்று இதைக் குறுக்கிவிடக் கூடாது. நினைவு நம்மைப் பார்ப்பதில்லை. நமக்காகப் பரிந்துபேசுவதும் இல்லை.

எனக்கு அவருடைய பிரசன்னம் எதுவுமே உணர்வில் தெரியவில்லை. அப்படியானால் அவர் விலகிவிட்டாரா?

இல்லை. இதைத்தான் நான் மிக அதிகமாக எதிர்கொண்டிருக்கிறேன். ஆகவே விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

உணர்வு ஒரு நல்ல ஈவு. அது கிடைக்கும்போது நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் உணர்வைக் கொண்டு பிரசன்னத்தை அளக்க முயன்றால் வேதத்தில் வருகிற பலருடைய அனுபவத்தோடு அது ஒத்துப்போகாது. அண்ணனுக்குப் பயந்து ஓடிப்போன யாக்கோபு ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தான். கண் விழித்தபின், "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். அவன் அறியாமல் இருந்த வேளையிலும் கர்த்தர் அங்கே இருந்தார். எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களோடு உயிர்த்த இயேசுவே வழி நெடுக நடந்தார். அவர்கள் அவரை அறியவில்லை, முகம் வாடியிருந்தது. அப்பம் பிட்கப்பட்டபோது அறிந்தார்கள். உடனே அவர் மறைந்தார். அவர்கள் அவரைப் பார்த்து அறிந்திருந்த நேரம் மிகச் சொற்பம், அவர் உடன் நடந்த நேரமோ நீண்டது.

இவற்றைவிட எனக்கு அதிக ஆறுதல் தருவது தோமாவின் சம்பவம். "அவருடைய கைகளில் ஆணிகளினாலுண்டான காயத்தை நான் கண்டு, அந்தக் காயத்திலே என் விரலையிட்டு, என் கையை அவருடைய விலாவிலே போட்டாலொழிய விசுவாசிக்கமாட்டேன்" என்று அவன் மற்ற சீஷர்களிடம் சொன்னபோது இயேசு அங்கே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கவில்லை. எட்டு நாள் கழித்து அவர் வந்து, விரல், கை, விலா என்று தோமாவின் சொற்களையே எடுத்து அவனோடு பேசுகிறார். காணப்படாத வேளையில் அவன் சொன்னதையும் அவர் கேட்டிருந்தார் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நீங்கள் வெறுமையில் பேசுவதாக நினைத்த ஜெபங்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உணர்வு வறண்டுபோவதற்குச் சரீரமும் காரணமாக இருக்கலாம். தூக்கமின்மை, நீடித்த வலி, துக்கம், மனச்சோர்வு நோய் ஆகியவை எந்த மகிழ்ச்சியையும் உணரவிடாமல் செய்யும். ஜெபத்தில் மட்டும் அது விதிவிலக்காக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்திருந்த எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதன் அவனைத் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன, அவன் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளவும் அவர் விட்டார். ஓரேப் மலையிலே அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதென்றால், தயவுசெய்து இன்றே நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். அதை மறைப்பதை விசுவாசம் என்று எண்ண வேண்டாம்.

கிறிஸ்து "தாங்குகிறார்" என்பதற்கு என்ன பொருள்?

எபிரெயர் 1:3 அவரைச் "சர்வத்தையும் தம்முடைய வல்லமையுள்ள வசனத்தினாலே தாங்குகிறவர்" என்கிறது. கொலோசெயர் 1:17, "எல்லாம் அவருக்குள் நிலைநிற்கிறது" என்கிறது. உலகம் ஒருமுறை படைக்கப்பட்டுத் தானாக ஓடட்டும் என்று விடப்படவில்லை. இந்த நொடியிலும் அது நிற்பதற்கு அவரே காரணம். உங்கள் இருதயத்தின் அடுத்த துடிப்பும் அதில் அடங்கும்.

தமிழில் தாங்குதல் என்ற சொல் விரிந்த பொருள் உடையது. தூண் கூரையைத் தாங்குகிறது. விழப்போகிறவரை ஒருவர் கைகொடுத்துத் தாங்குகிறார். ஒருவருடைய குறைகளையும் நாம் தாங்கிக்கொள்கிறோம். இந்த மூன்றும் கிறிஸ்து நமக்குச் செய்பவையே. ஏசாயா 46 ஆம் அதிகாரத்தில் பாபிலோனின் விக்கிரகங்கள் மிருகங்களின் முதுகில் ஏற்றப்பட்டு, களைத்த மிருகங்களுக்குச் சுமையாகின்றன. அதற்கு எதிரே தேவன் தம்முடைய ஜனத்திடம், "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன், நான் அப்படிச் செய்துவந்தேன், இனிமேலும் நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்" என்கிறார். நம்முடைய விசுவாசம் நாம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய சுமையாக ஆகிவிட்டதா என்று சில வேளைகளில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால், நாளை வரப்போகும் சோதனையை நினைக்கும்போது ஏன் எனக்குப் பெலன் இல்லை?

நாளைக்குரிய பெலன் இன்று கொடுக்கப்படுவதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாக 40 வருஷம் பொழிந்த மன்னாவை நினைத்துப்பாருங்கள். தலைக்கு ஒரு ஓமர் (அக்கால முகத்தல் அளவு) என்ற அளவில், அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று காலையில் சேர்க்க வேண்டும். மறுநாள் விடியற்காலம்வரை வைத்திருந்தது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு கிடைத்தது, அது கெடவில்லை. தேவைக்கு ஏற்ப அளவை மாற்ற அவருக்குத் தெரியும், சேமித்து வைத்து அவரை மறந்துவிட நமக்கு இடம் கொடுக்கவில்லை. "உன் நாட்களுக்குத்தக்கதாய் உன் பெலனும் இருக்கும்" என்ற உபாகமத்தின் வார்த்தையும், "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற இயேசுவின் வார்த்தையும் ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன.

என் தாயார் தம்முடைய கடைசி ஏழு மாதங்களைப் படுக்கையில் கழித்தார்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது எனக்குள் எந்தப் பக்தியும் இருந்ததில்லை. ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் மற்றக் கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, "நான் ஏந்துவேன், நான் சுமப்பேன்" என்று மெதுவாகச் சொல்வேன். எனக்காகச் சொன்னேனா அவர்களுக்காகச் சொன்னேனா என்று தெரியாது. ஏழு மாதம் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால், என்னால் முடியாது என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். ஏழு மாதத்துக்கான பெலன் ஒரு நாளும் என்னிடம் இருந்ததில்லை. அந்த இரவுக்கானது ஒவ்வொரு இரவும் இருந்தது.

"எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனம் எனக்கு வெற்றியை உறுதிப்படுத்துகிறதா?

பிலிப்பியர் 4:13 ஐத் தேர்வுக்கும் போட்டிக்கும் வியாபாரத்துக்கும் உரிய வெற்றி வாக்காகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும், பரிபூரணமடையவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் எழுதுகிறார். அதையும் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். நிறைவிலும் குறைவிலும் கிறிஸ்துவை விட்டு நகராமல் வாழும் பெலனையே அவர் "எல்லாவற்றையும்" என்கிறார். மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்று அவர் சொல்வதும் எனக்குப் பிடித்தது. அப்போஸ்தலனுக்கே அது ஒரே நாளில் வரவில்லை.

உருக்கமாக ஜெபித்தும் நிலைமை மாறவில்லை. அவருடைய வல்லமை எனக்கு இல்லையா?

பவுல் தம்முடைய மாம்சத்தில் கொடுக்கப்பட்ட முள் நீங்கும்படி மூன்று தரம் கர்த்தரிடம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. கிடைத்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" (2 கொரிந்தியர் 12:9). இதை ஜெபம் மறுக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் என்று சிலர் எண்ணுகிறார்கள். பவுல் அப்படி எண்ணவில்லை. முள் இருந்த அதே இடத்தில் கிறிஸ்துவின் வல்லமை தங்குவதை அவர் கண்டார்.

அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்று அறிக்கையிட்டுவிட்டு, அவர் விடுவிக்காமற்போனாலும் சிலையைப் பணிவதில்லை என்றும் ராஜாவிடம் சொன்னார்கள் (தானியேல் 3). நெருப்பு அணையவில்லை. நெருப்புக்குள் நாலாவது ஒருவர் உலாவினார்.

இதனால் விடுதலைக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டும் என்று பொருளல்ல. கேளுங்கள், திரும்பவும் கேளுங்கள். பதில் தாமதிப்பதைக் கண்டு, உங்கள் விசுவாசக் குறைவே காரணம் என்று உங்கள்மேல் பழி சுமத்துகிறவர்களுக்கு மட்டும் செவிகொடுக்க வேண்டாம். துன்பப்படுகிறவர்கள்மேல் இந்தப் பாரத்தை ஏற்றுவது கொடுமை என்றே நான் கருதுகிறேன்.

மருத்துவரிடம் போவதும், பணத்தைத் திட்டமிடுவதும், மனிதரிடம் உதவி கேட்பதும் அவிசுவாசமா?

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம் இதற்கு நேரடியான பதில். எல்லாரும் தம்மைக் கைவிட்டதைச் சொல்லிவிட்டு, "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று … என்னைப் பலப்படுத்தினார்" என்று சாட்சி சொல்கிறார். அதே அதிகாரத்தில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு வா, மாரிகாலத்துக்குமுன்னே வந்துசேர் என்றும் கேட்கிறார். கர்த்தர் பக்கத்தில் நிற்கிறார். ஆனாலும் குளிருக்கு மேலங்கி வேண்டும், பேச ஒரு நண்பர் வேண்டும். பவுலின் உடன் ஊழியர் லூக்கா ஒரு வைத்தியர் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

வேலையின் நடுவில் அவரை எப்படி நினைவுகூர்வது? எனக்கு ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை.

நெகேமியா ராஜாவின் முன் திராட்சரசம் பரிமாறிக்கொண்டிருந்தபோது, "நீ கேட்கிற காரியம் என்ன?" என்று ராஜா கேட்டார். அந்தக் கேள்விக்கும் தன்னுடைய பதிலுக்கும் இடையில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் (நெகேமியா 2:4). கண்ணை மூடவோ முழங்காலிடவோ அங்கே இடமில்லை. ஒரு மூச்சு விடும் நேரம்தான். ஆனால் அதற்குமுன் நாட்கணக்காக அவர் உபவாசித்து ஜெபித்திருந்தார் என்பதை முதல் அதிகாரம் காட்டுகிறது. வேலைக்கு நடுவே எழும் குறுகிய ஜெபம் தனிமையில் செய்யும் ஜெபத்தில் வேர்விட்டிருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். காலையில் ஒரு வசனத்தை, முடிந்தால் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகாத ஒன்றை, எடுத்துக்கொள்கிறேன். தினமும் எப்படியும் செய்கிற ஒரு சிறு செயலோடு அதைச் சேர்த்துவிடுகிறேன்: கதவைப் பூட்டும்போது, கை கழுவும்போது, போன் அழைப்பை எடுப்பதற்கு முன். மறந்துபோன நாட்களும் உண்டு. மறந்ததை நினைக்கும் கணமே திரும்பவும் தொடங்குவதற்குப் போதுமானது. யோவான் 15 இல் தம்மைத் திராட்சச்செடி என்றும் நம்மைக் கொடிகள் என்றும் சொல்லி இயேசு கேட்பது "என்னில் நிலைத்திருங்கள்" என்பதே. கொடி செடியைப் பற்றி ஓயாமல் சிந்திப்பதில்லை. அது செடியில் இருக்கிறது, சாறு ஏறுகிறது.

பாவத்தில் விழுந்தபின் அவர் என்னை விட்டுப் போய்விடுவாரா?

பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு இயேசுவை மறுதலித்தபோது ஒரு கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தான். உயிர்த்த இயேசு கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோது அங்கேயும் கரிநெருப்பு போடப்பட்டிருந்தது. அதன்மேல் மீன் வைக்கப்பட்டிருந்தது. யோவான் இரண்டு இடத்திலும் அதே சொல்லை எழுதுகிறார். இயேசு முதலில், "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டபின்தான் "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்டார். பாவம் அற்பமானது என்று அவர் சொல்லவில்லை, கேள்வி பேதுருவைத் துக்கப்படுத்தியது. ஆனாலும் தேடி வந்தவர் அவர். பாவத்தை அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள், ஒளிந்துகொள்ள வேண்டாம்.

சபைக்குப் போகாமல் தனியாகவே இந்தப் பிரசன்னத்தில் வாழ முடியாதா?

படுக்கையிலோ சிறையிலோ இருப்பவர்களுக்கு அவர் அங்கேயே போதுமானவர். போக முடிந்தவர்கள் போக வேண்டும். இரண்டு மூன்று பேர் தம்முடைய நாமத்தில் கூடுகிற இடத்தைக் குறித்தும் அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய தாங்குதல் பெரும்பாலும் மற்றொரு விசுவாசியின் கை வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

ஜெபிக்க வார்த்தையே வராவிட்டால்?

தண்ணீரில் அமிழ்ந்த பேதுரு, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று மட்டுமே சொன்னான். இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார்; கடிந்துகொண்டது பிடித்தபிறகு. அதுவும் வராவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

மரணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. அங்கேயும் அவர் உடன் வருவாரா?

23 ஆம் சங்கீதத்தைக் கவனமாகப் படித்துப் பாருங்கள். புல்லுள்ள இடங்களிலும் அமர்ந்த தண்ணீர்கள் அண்டையிலும் தாவீது மேய்ப்பரை "அவர்" என்றே சொல்லிவருகிறான். நான்காம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் பேச்சு மாறுகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." அதுவரை அவரைப் பற்றிப் பேசியவன் அந்த இருளில் அவரோடு பேசத் தொடங்குகிறான்.

இப்போது மேய்ப்பராக நடத்துகிறவர் அந்தப் பள்ளத்தாக்கில் தாமே இறங்கி, கல்லறைக்குள் மூன்றாம் நாள் வரை கிடந்து, அங்கிருந்து எழுந்தவர். மரணமானாலும் ஜீவனானாலும் கிறிஸ்து இயேசுவிலுள்ள தேவ அன்பை விட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று பவுல் நிச்சயித்திருப்பது (ரோமர் 8:38-39) அதனால்தான்.

என் தாயாருக்குக் கடைசி வாரத்தில் பேச்சு நின்றுவிட்டது. நான் அந்தச் சங்கீதத்தைத் தினமும் மாலையில் அருகில் உட்கார்ந்து வாசிப்பேன். முதல் மூன்று வசனங்களுக்கு முகத்தில் அசைவு இருக்காது. நான்காம் வசனத்துக்கு வந்ததும் என் விரலைப் பற்றியிருந்த அவர்களுடைய கை சற்று இறுகும், உதடு அசையும். சத்தம் வராது, "தேவரீர்" என்ற சொல்லின் வடிவத்தை மட்டும் நான் அந்த உதடுகளில் பார்த்தேன்.